சென்னையில் தியேட்டருக்குப் போய் ஒரு படத்தை முழுசாக அனுபவிப்பது எப்படி?

மார்கழிக் கச்சேரிக்குப் போகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? யார் பாடுகிறார்கள் என்று மட்டும் பார்க்க மாட்டார்கள். எந்த சபாவில் ஒலி சுத்தமாக இருக்கும், எந்த வரிசையில் உட்கார்ந்தால் மிருதங்கம் குரலை அமுக்காது, கேன்டீனில் கூட்டம் எப்போது குறையும் என்பதுவரை கணக்கு வைத்திருப்பார்கள். சினிமாவுக்குப் போகும் நாமோ பத்துப் பேரிடம் “படம் எப்படி?” என்று கேட்டுவிட்டு, எந்த ஸ்கிரீன் என்றுகூடப் பார்க்காமல் கிடைத்த டிக்கெட்டைப் போட்டுவிடுகிறோம். அப்புறம் “சவுண்டே சரியில்ல, ஒரே இருட்டு” என்று படத்தைத் திட்டுகிறோம்.

சுமாரான படத்தைக்கூட நல்ல திரையில், சரியான வரிசையில், சரியான கூட்டத்தோடு பார்த்தால் சாயங்காலம் வீணாகாது. இந்த ஊரில் அதற்கு வேண்டிய வசதிக்குப் பஞ்சமில்லை. என்ன, கொஞ்சம் திட்டம் போட வேண்டும்.

1. எந்தக் கூட்டத்தோடு பார்க்கப் போகிறீர்கள்?

முதல் கேள்வி இதுதான். தியேட்டர், நேரம், டிக்கெட் எல்லாம் இதற்கு அப்புறம்.

பெரிய ஹீரோ படமென்றால் முதல் மூன்று நாளுக்குள், சிங்கிள் ஸ்கிரீன் பாணித் தியேட்டரில் பார்த்துவிடுங்கள். கோயம்பேடு ரோகிணி, ஜாபர்கான்பேட்டை காசி, குரோம்பேட்டை வெற்றி மாதிரி இடங்களில் டைட்டில் கார்டுக்கே டிக்கெட் காசில் பாதி வசூலாகிவிடும். அதே படத்தைப் பத்து நாள் கழித்து, நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் மாலில் பார்த்தால் ஹீரோ நடந்து வரும் ஸ்லோ மோஷன் ஷாட்டெல்லாம் “எதற்கு இவ்வளவு நேரம் நடக்கிறார்?” என்றுதான் தோன்றும். அந்த நீளம் விசிலுக்காக விட்ட இடம். விசில் இல்லாவிட்டால் ஓட்டையாகத்தான் தெரியும்.

காமெடிப் படத்துக்கும் கூட்டம் வேண்டும். சிரிப்பு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது. காலியான ஹாலில் நல்ல ஜோக்கும் செத்துவிடும். ஞாயிறு மேட்னிக்கு மாமியார், மருமகள், பேரன் என்று குடும்பம் குடும்பமாக வருகிற ஹாலாகப் பாருங்கள்.

மெதுவாக நகரும் படம், வசனம் குறைவான படம், பாதி வசனம் முணுமுணுப்பாகவே வரும் த்ரில்லர், இவற்றுக்கெல்லாம் திங்கள் முதல் வியாழன் வரை, அதுவும் காலைக் காட்சி. பேய்ப் படம் பற்றி எனக்கென்று ஒரு கருத்து உண்டு: சனிக்கிழமை செகண்ட் ஷோ வேண்டவே வேண்டாம். பயத்தை மறைக்க பசங்க கமென்ட் அடித்தே படத்தைக் காமெடியாக்கிவிடுவார்கள். சிலருக்கு அதுவே பிடிக்கும், அது வேறு விஷயம்.

2. தியேட்டரைத் தேர்ந்தெடுத்தால் போதாது, ஸ்கிரீனையும் தேர்ந்தெடுங்கள்

“சத்யம்ல பார்த்தேன்” என்று சொல்வதில் பாதித் தகவல்தான் இருக்கிறது. ராயப்பேட்டையில் 1974-ல் தொடங்கிய அந்த வளாகத்தில் இன்று ஆறு திரைகள். சத்யம் என்ற பெயரிலேயே இருக்கும் பெரிய ஹாலும் உள்ளே இருக்கும் சின்ன ஹால்களும் ஒரே அனுபவத்தைத் தராது. 2018-ல் பிவிஆர் கைக்குப் போன பிறகும் ஊர்க்காரர்களுக்கு அது ‘சத்யம்’தான், அந்தப் பெரிய ஹாலுக்குத்தான் முதல் மரியாதை. அண்ணா சாலை தேவி வளாகமும் அப்படியே. 1970-ல் திறந்த வளாகம் அது. தேவி, தேவி பாரடைஸ், தேவி பாலா, தேவி கலா என்று நான்கு பெயர்கள் இருக்கின்றன. பிரம்மாண்டம் வேண்டுமென்றால் முதல் இரண்டில் ஒன்று. பாரடைஸுக்குப் படிக்கட்டு ஏறாமல் சாய்தளத்தில் வளைந்து வளைந்து நடந்தே மேலே போகலாம். முழங்கால் வலியுள்ள பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மல்டிபிளெக்ஸில் ஒரு படம் வெளியான வாரம் பெரிய ஸ்கிரீனில் ஓடும், அடுத்த வாரம் மூலையில் இருக்கும் சின்ன ஸ்கிரீனுக்கு நகர்ந்துவிடும். காட்சிக் கட்டணம் பெரும்பாலும் ஒன்றேதான். டிக்கெட் போடும்போது ஸ்கிரீன் எண்ணோ பெயரோ கட்டாயம் இருக்கும். இருக்கை வரைபடத்தைத் திறந்து மொத்தம் எத்தனை வரிசை என்று எண்ணிப் பார்த்தாலே எது பெரிய ஹால் என்று தெரிந்துவிடும்.

ஐமேக்ஸ் என்ற பெரிய திரை வேண்டுமென்றால் வேளச்சேரி ஃபீனிக்ஸ் மாலில் இருக்கும் லக்ஸ், வடபழனி விஜயா மாலில் இருக்கும் பலாஸோ. பணம் கொடுப்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ‘ஐமேக்ஸில் வெளியாகிறது’ என்றால் ஐமேக்ஸ் கேமராவில் எடுத்தது என்று பொருளில்லை. சாதாரணமாக அகலத்திரைக்கு, அதாவது 2.39 விகிதத்துக்கு எடுத்த படத்தை மெருகேற்றி அங்கே போடுவார்கள். அப்போது திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருக்கும். 1.90 விகிதத்தில் எடுத்த காட்சிகள் உள்ள படமென்றால்தான் திரை மேலிருந்து கீழ்வரை நிறையும். படக்குழு இதை விளம்பரத்திலேயே சொல்லிவிடும். சொல்லாத படத்துக்கு அந்தக் கூடுதல் பணம் அவசியமா என்று யோசிக்கலாம்.

அடுத்தது வெளிச்சம். இதை யாரும் கவனிப்பதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். சினிமாத் திரை எவ்வளவு வெளிச்சமாக இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவு உண்டு: சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா (வெளிச்சத்தை அளக்கும் அலகு). செனான் பல்பு போட்ட ப்ரொஜெக்டரில் பல்பு தேயத் தேய இது குறையும். செலவை இழுத்துப் பிடிக்க நினைக்கும் தியேட்டரில் ராத்திரிக் காட்சியெல்லாம் கரி பூசியது போல் தெரிவதற்குக் காரணம் இதுதான். கேமராமேனைத் திட்டாதீர்கள். லேசர் ப்ரொஜெக்டர் உள்ள திரையென்றால் வெளிச்சம் ஒரே சீராக நீண்ட காலம் நிற்கும். இருட்டிலேயே நடக்கும் கதைக்குத் தேடிப்பிடித்து லேசர் திரைக்குப் போங்கள். 3டி கண்ணாடி போட்டால் மிச்ச வெளிச்சத்தில் பெரும்பகுதியைக் கண்ணாடியே விழுங்கிவிடும். அதனால் 3டி வடிவத்தை லேசர் திரையில் பார்க்க முடியாவிட்டால் 2டியே மேல் என்பது என் கட்சி.

ஒலிக்கு வந்தால், டால்பி அட்மாஸ் என்பது 2012-ல் வந்த முறை. கூரையிலும் ஸ்பீக்கர் வைத்து, ஒவ்வொரு சத்தத்தையும் ஹாலுக்குள் இன்ன இடத்திலிருந்து கேட்க வேண்டும் என்று நிறுத்துவார்கள். மழை தலைக்கு மேல் பெய்யும், ஹெலிகாப்டர் பின்னந்தலையிலிருந்து கிளம்பும். சின்ன பட்ஜெட் படங்கள் பல, கூரை ஸ்பீக்கருக்கு வேலையில்லாத 5.1 அல்லது 7.1 ஒலிக்கலவையோடு நின்றுவிடும். அவற்றை அட்மாஸ் ஹாலில் போட்டாலும் கூரை பேசாது.

ஒரு நாளை முழுசாக ஒதுக்கக்கூடியவர்களுக்கு ஆந்திர எல்லை தாண்டி ஒரு வழி இருக்கிறது. சூளூர்பேட்டையில் நெடுஞ்சாலையோரமாக ‘எபிக்’ என்ற பிரம்மாண்டத் திரை 2019-லிருந்து இயங்குகிறது. சுமார் 100 அடி அகலம். சென்னையிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அந்த ‘எபிக்’ முறையை உருவாக்கியது நம் சென்னை நிறுவனமான கியூப் என்பது கூடுதல் செய்தி.

3. இருக்கை

கடைசி வரிசைதான் உயர்ந்தது என்ற எண்ணம் பால்கனி டிக்கெட் விலை அதிகமாக இருந்த காலத்திலிருந்து நம்மோடு வருகிறது. அதை விட்டுவிடுங்கள். ஒலிக்கலவை செய்யும் ஸ்டூடியோவில் பொறியாளர் உட்காருவது, திரைக்கும் பின்சுவருக்கும் இடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில். தியேட்டரில் ஸ்பீக்கர்களைச் சரிபார்க்கும்போதும் அந்தப் பகுதியையே குறியாக வைக்கிறார்கள். ஆக 18 வரிசை உள்ள ஹாலில் திரையிலிருந்து எண்ணினால் 11-லிருந்து 13-ம் வரிசைக்குள், நடு இருக்கை. காதுக்கு அதுதான் சிம்மாசனம்.

கண்ணுக்கு இன்னும் ஓரிரு வரிசை முன்னால் வரலாம். திரையின் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் இருந்தால் படம் நம்மைச் சுற்றிக்கொள்ளும், அதற்கு அப்பால் போகப் போகப் பெரிய டிவி பார்க்கும் உணர்வு வந்துவிடும். ஐமேக்ஸில் ஹாலின் நடுவிலிருந்து சற்றுப் பின்னால் இருந்தால் போதும். சப்டைட்டில் படித்தே ஆக வேண்டிய படத்துக்கு முன்வரிசைகள் கூடாது, எழுத்துக்கும் முகத்துக்கும் நடுவில் கழுத்து ஓடிக்கொண்டே இருக்கும்.

பழைய ஹால்களில் கீழ்த்தளத்தின் கடைசி வரிசைகள் பால்கனிக்கு அடியில் ஒளிந்திருக்கும். தலைக்கு மேலே தாழ்ந்த கூரை இருப்பதால் மேலிருந்து வரும் ஒலி அங்கே எட்டாது. அந்த மாதிரி இடங்களில் பால்கனியின் முதல் இரண்டு வரிசை அருமை: முன்னால் யார் தலையும் கிடையாது, திரை கண்ணுக்கு நேர். கைப்பிடிக் கம்பி மறைக்கிறதா என்று மட்டும் உட்கார்ந்ததும் பாருங்கள்.

சுவரோர இருக்கையைத் தவிர்க்கவும். பக்கவாட்டு ஸ்பீக்கர் காதருகே கத்திக்கொண்டே இருக்கும். கைக்குழந்தையோடு போகிறவர்கள், அடிக்கடி எழுந்து போக வேண்டியவர்கள் நடைபாதையோர இருக்கை எடுப்பது அவர்களுக்கும் நல்லது, மற்றவர்களுக்கும் நல்லது.

ஒரு எச்சரிக்கை. ‘ஏ’ வரிசை சில தியேட்டரில் திரைக்கு முன்னாலும் சில தியேட்டரில் கடைசியிலும் இருக்கும். எழுத்தை நம்பாமல், வரைபடத்தில் திரை எந்தப் பக்கம் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

4. டிக்கெட்

தமிழ்நாட்டில் டிக்கெட் விலைக்கு அரசு உச்சவரம்பு இருப்பது நமக்குப் பெரிய வரம். பெங்களூரிலும் மும்பையிலும் இருக்கும் நண்பர்களிடம் கேட்டால் வயிற்றெரிச்சலோடு சொல்வார்கள். சென்னை மல்டிபிளெக்ஸில் சாதாரணத் திரைக்கு 190 ரூபாயை ஒட்டி வரும், சிங்கிள் ஸ்கிரீனில் இன்னும் குறைவு. 100 ரூபாய்க்கு உட்பட்ட டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம், அதற்கு மேல் 18. ஆன்லைனில் போட்டால் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் கன்வீனியன்ஸ் கட்டணம் தனி. ஐந்தாறு பேராகப் போகிறீர்கள், தியேட்டர் பக்கத்திலேயே வீடு என்றால் கவுன்டரில் எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சமாகும் பணத்தில் எல்லோருக்கும் பப்ஸ் வாங்கலாம்.

டிக்கெட் போடும் செயலிகளான புக்மைஷோ, டிஸ்ட்ரிக்ட் இரண்டிலும் தேடுங்கள். ஒரு தியேட்டர் ஒன்றில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. பெரிய படங்களுக்கு எல்லாக் காட்சிகளையும் ஒரே நேரத்தில் திறக்க மாட்டார்கள். முதல் தொகுதி போய்விட்டதென்று பதறி முன்வரிசையில் விழ வேண்டாம். அன்றிரவோ மறுநாளோ கூடுதல் காட்சிகள் திறக்கும்.

விடியற்காலை 4 மணிக் காட்சிக் கதைகளை இனி பழைய நினைவாகத்தான் பேச முடியும். 2023-க்குப் பிறகு தமிழ்நாட்டில் காலை 9 மணிக்கு முன் காட்சி கிடையாது. அந்த 9 மணிச் சிறப்புக் காட்சிக்கும் அரசு அனுமதி வேண்டும். அனுமதி ஆணை வெளியீட்டை ஒட்டித்தான் வரும், அதனால் முதல் நாள் அலுவலக விடுப்பை அதற்கு ஏற்ப வளைந்து கொடுக்கிற மாதிரி சொல்லி வையுங்கள்.

வெளியீட்டு நாள் காட்சி தாமதமானால் “கேடிஎம் வரலை” என்று தியேட்டர்காரர் சொல்வார். படம் இப்போது பெட்டியில் வருவதில்லை, பூட்டிய கோப்பாக வருகிறது. ஒவ்வொரு திரையின் சர்வருக்கும் தனித்தனி டிஜிட்டல் சாவி உண்டு, அதுதான் கேடிஎம். அதற்கு ஆரம்ப நேரமும் முடியும் நேரமும் உண்டு. தயாரிப்புத் தரப்பில் கடன் பாக்கி தீராமல் இழுத்தால் சாவி வராது. ஆபரேட்டரைத் திட்டிப் புண்ணியமில்லை, அவரும் நம்மோடு சேர்ந்துதான் காத்திருக்கிறார்.

5. கிளம்புவதற்கு முன்

ட்ரெய்லர் ஒன்று போதும். இரண்டாவது ட்ரெய்லர், ஸ்னீக் பீக், பாடல் வீடியோ, இடைவேளைக் காட்சியைப் பற்றிய பேட்டி எல்லாம் பார்த்துவிட்டுப் போனால் தியேட்டரில் சரிபார்ப்பு வேலைதான் மிஞ்சும். வெளியான காலையே வாட்ஸ்அப் குரூப்களை மௌனமாக்கிவிடுங்கள்.

பிள்ளைகளோடு போவதென்றால் சான்றிதழைப் பாருங்கள். இப்போது யு/ஏ என்பது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. இவை பெற்றோருக்கான ஆலோசனை, தடையில்லை. ‘ஏ’ மட்டும் தடை, 18 வயது ஆகாதவரை உள்ளே விட மாட்டார்கள். வாசலில் நின்று கெஞ்சிப் பயனில்லை.

மே மாத வெயிலில் கிளம்பினாலும் ஒரு சால்வை அல்லது முழுக்கைச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர் ஏசி இரண்டாம் பாதியில்தான் வேலையைக் காட்டும்.

வண்டியை விட்டுவிட்டு மெட்ரோவில் போகக்கூடிய தியேட்டர்கள் நிறைய. தேவிக்கு அரசினர் தோட்டம் நிலையம், ரோகிணிக்குக் கோயம்பேடு, கமலாவுக்கும் பலாஸோவுக்கும் வடபழனி. குரோம்பேட்டை வெற்றிக்கு மின்சார ரயில். சத்யத்துக்கு ஆயிரம் விளக்கில் இறங்கி ஆட்டோ. மாலில் வண்டி நிறுத்தினால் படம் முடிந்து பேஸ்மென்ட்டிலிருந்து வெளியே வருவதற்குள் கிளைமாக்ஸே மறந்துவிடும்.

6. உள்ளே போன பிறகு

விளம்பரம் ஓடும்போதே காதையும் கண்ணையும் தீட்டுங்கள். படம் திரைக்கு வெளியே வழிகிறதா? ஒரு பக்கம் மங்கலா? பின்பக்க ஸ்பீக்கர்கள் பேசுகின்றனவா? வசனம் நடு ஸ்பீக்கரிலிருந்து தெளிவாக வருகிறதா? குறை இருந்தால் உடனே எழுந்து போய் ஊழியரிடம் சொல்ல வேண்டும். இடைவேளைவரை பொறுத்தால் பாதிப் படம் போச்சு. “சவுண்டு சரியில்ல” என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். “வலது பக்கம் பின்னாடி சத்தமே வரலை”, “வசனம் கேட்கலை, கொஞ்சம் ஏத்துங்க” என்று குறிப்பாகச் சொன்னால் ஆபரேட்டருக்கு வேலை சுலபம். ஒலிக்கலவை செய்யும்போது வால்யூம் 7 என்ற அளவை வைத்துத்தான் செய்கிறார்கள். பல தியேட்டர்கள் அதைக் குறைத்து ஓட்டுகின்றன. சத்தம் அதிகம் என்ற புகார் வந்ததும் குறைத்தவர்கள், அடுத்த படத்துக்கு ஏற்ற மறந்திருப்பார்கள்.

செல்போன் பற்றிச் சொல்ல ஒன்றுதான் உண்டு: பக்கத்து இருக்கைக்காரர் ரீல்ஸ் பார்த்தால் “அண்ணே, வெளிச்சம் கண்ணுல அடிக்குது” என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் கேட்பார்கள். டைட்டில் கார்டை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவது நம்ம ஊர் நோய். அது சட்டப்படி குற்றமும்கூட.

7. சாப்பாடு

வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு உள்ளே போகாதீர்கள். தேவிக்குப் போகிறவர்கள் திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லியை முடித்துவிட்டுப் போகலாம், அசைவம் என்றால் அண்ணா சாலை புஹாரி. சத்யத்தில் பாப்கார்னைத் தவிர்க்கச் சொன்னால் நானே கேட்க மாட்டேன். மேலே தூவிக்கொள்ளும் மசாலாவைப் பாதி காலியான பிறகு இன்னொரு தடவை தூவவும்.

வெளிச் சாப்பாட்டைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொன்னது. கூடவே, இலவசக் குடிநீர் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னது. ஆகவே தண்ணீர் பாட்டில் விலையைப் பார்த்து மலைக்காமல், குடிநீர் எங்கே இருக்கிறது என்று தைரியமாகக் கேளுங்கள்.

இடைவேளையில் எல்லோரும் முதலில் கேன்டீனுக்கு ஓடுவார்கள். நீங்கள் முதலில் கழிவறைக்குப் போங்கள். வெளியே வரும்போது கேன்டீன் வரிசை குறைந்திருக்கும். இரண்டாம் பாதியின் முதல் நிமிடங்களைத் தவறவிடாமல் இருப்பது சமோசாவைவிட முக்கியம் என்று நினைப்பவர்கள் செயலியில் முன்பே ஆர்டர் போட்டுவிடலாம்.

8. முதல் நாள் முதல் காட்சிக்குத் துணிந்தவர்களுக்கு

வசனம் கேட்காது. பேப்பர் துண்டுகள் திரையை மறைக்கும். முன்னால் இருப்பவர் பாட்டு முடியும்வரை உட்கார மாட்டார். இதையெல்லாம் ஏற்றுக்கொண்டால் மட்டும் போங்கள், போனால் கையைக் கட்டிக்கொண்டு உட்காராதீர்கள். கதையை இன்னொரு நாள் புரிந்துகொள்ளலாம். ஒரு மணி நேரம் முன்னதாகப் போனால்தான் வாசலில் மேளம், கட்-அவுட், பாலாபிஷேகம் எல்லாம் பார்க்கக் கிடைக்கும். சாலையோரமாகவே நில்லுங்கள், வண்டிகள் மேல் ஏறுகிற கூட்டத்தோடு சேர வேண்டாம். பணப்பையை முன் பாக்கெட்டில் வையுங்கள், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டாம்.

9. புதுப் படம் தவிர

மறுவெளியீடுகள் இப்போது நல்ல களை கட்டுகின்றன. வடபழனி கமலா போன்ற தியேட்டர்கள் பழைய ஹிட்டுகளைக் குறைந்த விலையில் போடுகின்றன. ஒவ்வொரு வசனத்தையும் ஹாலே சேர்ந்து சொல்லும், பாட்டுக்கு எல்லோரும் பாடுவார்கள். டிவியில் நூறு தடவை பார்த்த படம் என்று ஒதுக்காதீர்கள், முதல் காட்சிக் கூத்தில் பாதியும் பழைய பாசத்தில் மீதியும் இதில் கிடைக்கும்.

டிசம்பரில் சென்னை சர்வதேசத் திரைப்பட விழா நடக்கும். இந்தோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் 2003 முதல் நடத்துகிறது. ஒரே பாஸில் நாள் முழுக்க உலகப் படங்கள். அட்டவணையை முதல் நாளே உட்கார்ந்து படித்து, ஒரு நாளைக்கு மூன்று படத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள், நான்காவதில் கண் சொக்கும். வருடத்தின் மற்ற மாதங்களில் அலியான்ஸ் பிரான்சேஸ், கோத்தே இன்ஸ்டிட்யூட், ரஷ்ய கலாசார மையம் திரையிடல்களை விசாரித்து வையுங்கள்.

பழைய ஹால்களை இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். அண்ணா சாலையின் சஃபையர் 1990-களிலேயே போய்விட்டது. அதன் ப்ளூ டயமண்டில் தொடர்காட்சி ஓடும், ஒரு டிக்கெட்டில் எத்தனை நேரம் வேண்டுமானாலும் ஏசியில் உட்காரலாம். 1983-ல் தொடங்கிய அசோக் நகர் உதயம் 2024-ல் மூடியது.

10. வீடு திரும்ப

மெட்ரோ இரவு 11 மணியோடு முடிந்துவிடும். மாலை 6.30 காட்சிக்குப் போகிறவர்களுக்குக் கவலையில்லை. மூன்று மணி நேரப் படமென்றால் மட்டும் கடைசி ரயில் நேரத்தைப் பார்த்து வையுங்கள். செகண்ட் ஷோ முடிய ஒரு மணி தாண்டும். அந்த நேரத்தில் தியேட்டர் வாசலிலேயே ஐந்நூறு பேர் ஒரே செயலியில் வண்டி தேடுவதால் கட்டணம் எகிறும். இருநூறு மீட்டர் நடந்து அடுத்த சிக்னலில் நின்று தேடுங்கள். ஈசிஆர் மாயாஜால் மாதிரி தொலைவான இடமென்றால் சொந்த வண்டி இல்லாமல் செகண்ட் ஷோவுக்குப் போகவே வேண்டாம்.